லாம்

வாசனையை எடுப்பதுதான் இங்கே வேலை.
ரோட்டர்டாம் துறைமுகத்தில், கப்பல் வாலுக்குப் பின்னால்,
ஆறு மாடி உயரத்துக்கு ஓர் எஃகுக் கோபுரம்.
காற்றை உறிஞ்சி எடுத்த அதன் வயிற்றில்
இருநூற்று நாற்பது டிகிரியில்
சுமத்ராவிலிருந்து சிவப்பாக வந்த பாமாயில்
தன் நிறத்தை, மணத்தை, வந்த ஊரை
ஒவ்வொன்றாக மறக்கிறது.

கீழே இறங்கும்போது
யூரியான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பான்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றால் முதல் தரம்.

அந்தச் சூட்டில்தான் அதுவும் பிறக்கிறது.
கிளைசிடில் எஸ்டர்.
மணமில்லை, நிறமில்லை, நாக்குக்கு அகப்படாது.
எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது,
எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்பார்கள் எங்கள் பக்கம்.
இது கூடவே காய்ந்த புழுக்கை அல்ல.
காய்ந்ததால் உண்டான புழுக்கை.

அதைப் பிடிக்க
ஒரு மனுஷி வேண்டும், ஒரு கருவி வேண்டும்,
ராத்திரி இரண்டு மணி வேண்டும்.

வீட்ஸ்கே குப்பியை ஏற்றினாள்.
சீட்டில்: தொட்டி பதினேழு. குழந்தைப் பால்மாவுக்கு.
எல்லை, கிலோவுக்கு ஐநூறு மைக்ரோகிராம்.
திரையில் ஒரு மலை எழுந்து அடங்கியது.
நானூற்று எண்பத்தாறு.

கையெழுத்துப் போட்டிருக்கலாம்.
போடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது;
காபி சரியில்லை, மழை,
எண்பத்தாறு என்ற எண் ஐநூறின் வாசலில்
செருப்பைக் கழற்றாமல் நின்ற விதம்.
மறுபடி ஏற்றினாள்.
ஐநூற்றுப் பன்னிரண்டு.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
விதிப்புத்தகம் அதை ஏற்கும்.
காலை ஏழுக்கு லாரி வரும்.

எலிகளுக்கு வந்தது; மனிதருக்கு வரலாம்
என்று எழுதியிருக்கிறார்கள் அறிந்தவர்கள்.
அவள் மொழியில் அனுமதிக்கு ஒரு சொல்,
ஐயத்துக்கு வேறொரு சொல்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே வால்.
சாப்பிடலாம். வரலாம்.
கொடுக்கலாம். இருக்கலாம்.
கதவைத் திறந்துவிடும் அதே கை
கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகவும் சொல்கிறது.

யூரியான் கையுறையோடு உள்ளே வந்தான்.
"பத்து டிகிரி குறைத்தால் என்ன?" என்றாள்.
"மணம் மிஞ்சும். போன வருஷம் குறைத்தோம்.
நாற்பது டன் திரும்பி வந்தது.
மீன் வாடை என்றார்கள்."
அவன் பொய் சொல்லவில்லை.
அந்த நாற்பது டன்னையும் அவன்தான் மறுபடி காய்ச்சினான்,
இன்னும் அதிகச் சூட்டில்.

பிறகு அவன் செல்பேசி ஒளிர்ந்தது.
மூன்று மணிப் பால் முடிந்ததாம்.
மனைவி அனுப்பிய படத்தில் நாலு மாதக் கைக்குழந்தை,
தாடையில் ஒரு வெள்ளைத் துளி,
உலகத்தின் மேல் எந்தப் புகாரும் இல்லாத கண்.
மேசையில், பின்புலத்தில், மங்கலாக ஒரு டப்பா.

யூரியான் படத்தைப் பெரிதாக்கினான்.
குழந்தையை அல்ல. டப்பாவை.

"கொடுக்கலாமா?" என்று கேட்டான்.
(அவன் மொழியில் கேட்டான். அனுமதிச் சொல்லால்.)

ஒரு டப்பாவால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல
அவளிடம் படிப்பு இருந்தது.
எத்தனை டப்பாவால் ஆகும் என்று சொல்ல
யாரிடமும் இல்லை.
தாய்ப்பால் வற்றிய வீட்டில் பால்மாதான் பால்
என்பதும் அவளுக்குத் தெரியும்.

குப்பியின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது,
ஒரே ஒரு தடவைக்கு.
விதிப்புத்தகம் மூன்றாவது கேட்கவில்லை.
ஊசியை இறக்கினாள்.

முப்பத்தெட்டு நிமிடம் ஆகும்.
அவன் போகவில்லை. அவளும் உட்காரச் சொல்லவில்லை.
வெளியே கோபுரம் நீராவி விட்டுக்கொண்டிருந்தது,
அந்த வெள்ளைப் புகையில் மட்டும்
ஒரு காட்டின் வாசனை இருந்தது,
காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோனது.

திரையில் கோடு
தரையோடு தரையாக ஊர்ந்து வந்து
தலை தூக்க ஆரம்பித்தது.